மதியத் தூக்கத்தில் ஓடிய எலி

"எங்க வீட்ல ஒரு எலி இருக்கு. அது தானா ஓடுது."

வந்தவர் நாற்காலியில் சரியாக உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டார். மச்சான் பேனாவை மூடினான்.

"எலின்னா தானாத்தான் சார் ஓடும். சாவி கொடுத்து ஓடினா அது பொம்மை."

"கம்ப்யூட்டர் எலிப்பா. மவுஸ்."

மேஜைக்கு அந்தப் பக்கம் அத்தான் லேசாக இருமினார். வாயை மூடு என்பதற்கு அவருடைய இருமல் அது.

அந்தத் துப்பறியும் நிலையத்தில் மொத்தமே இரண்டு பேர்தான். ரயில்வேயில் தொலைந்த பொருள் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவர் அத்தான். ஒரு குடையைப் புரட்டிப் பார்த்தே அதை மறந்துவிட்டுப் போனவர் இடது கைக்காரரா, மாமியாருக்குப் பயந்தவரா என்று சொல்லிவிடுவார். வேலையை விட்டதும் வீட்டின் முன்னறையில் பலகையை மாட்டினார். கூட இருப்பவன் அவர் மனைவியின் தம்பி. முன்பு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்து, அது படுத்துவிட்டதால் இங்கே எழுந்தவன். அவன் அவரை அத்தான் என்பான், அவர் அவனை மச்சான் என்பார். தெருவும் அப்படியே பிடித்துக்கொண்டது.

வந்தவருக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். வெள்ளைத் தாடி, சட்டைப் பையில் மூன்று பென்சில். ஒரு செய்தித்தாளின் சனிக்கிழமை இணைப்புக்கு முப்பத்தொரு வருஷமாகக் குறுக்கெழுத்துப் போடுகிறவர். கட்டக்காரர் என்றால்தான் பத்திரிகை ஆபீசிலேயே தெரியுமாம்.

"நான் நோட்ல எழுதறது ஒண்ணு, அச்சுல வர்றது ஒண்ணு," என்று நோட்டையும் நாலைந்து பேப்பர் துண்டுகளையும் மேஜையில் வைத்தார். "பேப்பர்காரங்களைக் கேட்டா, நீங்க அனுப்பினதைத்தான் போட்டோம்ங்கறாங்க. போய்ப் பார்த்தா என் கம்ப்யூட்டர்லயே மாறிக் கிடக்கு. வியாழக்கிழமை மதியம் முடிச்சு வெச்சிட்டுப் படுப்பேன். நாலு மணிக்கு எழுந்து அனுப்புவேன். போன வாரம் முன்னாடியே முழிப்பு வந்திடுச்சு. பார்த்தா எலி ஓடுது. நான் போட்ட வார்த்தையை அழிக்குது. கைகால் ஓடலை எனக்கு. சட்டுனு ஒரு பிரிண்ட் எடுத்தேன். மூஞ்சி கழுவிட்டு வர்றதுக்குள்ள திரையில அதுவும் மாறிப்போச்சு."

பிரிண்டை நீட்டினார். மூன்று கட்டங்கள் கொண்ட ஒரு வரிசையில் தமிழ் எழுத்துக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தன. எஃப், எல், ஒரு அரைப்புள்ளி, ஒய்.

"ஃப்ளை," என்றார் கட்டக்காரர். குரல் தாழ்ந்தது. "பறந்து போயிடுன்னு மிரட்டறான்."

"ஃப்ளைன்னா ஈன்னும் அர்த்தம் இருக்கு சார்," என்றான் மச்சான். "பாருங்க, நடுவுலயே அரைப்புள்ளியா உட்கார்ந்திருக்கு."

கட்டக்காரர் சிரிக்கவில்லை. "என் பையன்கிட்ட சொன்னேன். வயசாச்சுப்பான்னான். இந்த மாசக் கடைசில வீட்டைக் காலி பண்ணி என்னை ஒரு முதியோர் இல்லத்துல விடப்போறான். நான் புத்தி பிசகினவன் இல்லைன்னு நீங்க எழுதிக் கொடுக்கணும். அதுக்குத்தான் வந்தேன்."

"வீட்ல வேற யாரு இருக்காங்க?" என்று கேட்டார் அத்தான்.

"நான் மட்டும்தான். சம்சாரம் பொண்ணு வீட்டுக்குப் போயிருக்கா, வெளியூர். இரட்டைக் குழந்தை. பதினோரு மாசமாச்சு."

"விலாசம் சொல்லுங்க. மச்சான், எழுதிக்கோ."

"தண்ணித் தொட்டிக்கு எதிர்க் கட்டடம். நாலாவது மாடி. லிஃப்ட் கிடையாது."

மச்சானின் பேனா 'நாலாவது' என்ற வார்த்தையிலேயே நின்றது. தாடியை மனசுக்குள் மழித்துப் பார்த்தான். தெரிந்த முகம்.

அந்த நாலு மாடியை மூன்று வருஷத்துக்கு முன் அவன் ஆறு தடவை ஏறியிருக்கிறான். ஒவ்வொரு தடவையும் அரை நிமிஷ வேலை, அதற்கு முழங்கால் கழன்றுவிடும். ஏழாவது தடவை ஏறக்கூடாது என்றுதான் ஒரு மென்பொருளை அங்கே போட்டுவைத்தான். எங்கோ உட்கார்ந்துகொண்டு இன்னொருவர் கம்ப்யூட்டரைத் திறக்கலாம், எலியை ஓட்டலாம், தட்டச்சு செய்யலாம். இலவசம். அதன் நிரலை யார் வேண்டுமானாலும் பிரித்துப் படித்துப் பார்க்கலாம். நடுவில் நின்று இரண்டு கம்ப்யூட்டரையும் சேர்த்துவைக்கும் சர்வரைக்கூடக் கடையிலேயே வைத்துக்கொள்ளலாம். வைத்துக்கொண்டான். வாடிக்கையாளர்கள் நாற்பத்துமூன்று பேருக்கும் ஒரே கடவுச்சொல். வெளியிலிருந்து யாராவது உள்ளே வந்தால் ஓரத்தில் ஒரு சின்ன ஜன்னல் எட்டிப் பார்த்துச் சொல்லும். அது தொந்தரவென்று அதையும் அவனே மறைத்துவைத்தான்.

கட்டக்காரர் எழுந்தார். போகும்போது மச்சானை நேருக்கு நேர் பார்த்தார். "வர்றேன் தம்பி. உங்களைப் பார்த்ததுல சந்தோஷம்," என்றார், புது முகத்தைப் பார்த்துச் சொல்வது போல.

அப்பாடா, தெரியவில்லை. அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அத்தான் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு, ஆள்காட்டி விரலால் கட்டங்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

*

மறுநாள் புதன்கிழமை காலை நாலு மாடியும் ஏறினார்கள். கதவைத் திறந்தது மகன். கார் விற்கும் கடையில் மேலாளர், கழுத்தில் இன்னும் அடையாள அட்டை தொங்கியது.

"அப்பா சொல்றாருன்னு நீங்களும் வந்துட்டீங்களா? போன மாசம் என் பொண்ணு பேரை மூணு தடவை கேட்டார் சார்."

"ஞாபக மறதி வேற, எலி ஓடறது வேற," என்றார் கட்டக்காரர் உள்ளேயிருந்து.

அறை துப்புரவாக இருந்தது. ஜன்னலோரம் கம்ப்யூட்டர், அதன் பக்கத்தில் அகராதிகள். மூலையில் ஒரு முக்காலி மேல் பூத்தையல் துணி போர்த்திய ஏதோ ஒன்று, அதன் தலையில் பூச்சாடி. அத்தான் பூச்சாடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, துணியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, பழையபடி இறக்கினார்.

"மச்சான், பின்பக்கம் வயரெல்லாம் பாரு."

மச்சான் மேஜைக்கு அடியில் நுழைந்தான். பெட்டியின் முதுகில் ஒட்டியிருந்த காகிதத்தில் அவனுடைய கையெழுத்தே அவனைப் பார்த்து முழித்தது. நீல மசி. சர்வர் விலாசம், இந்தக் கம்ப்யூட்டரின் எண், கடவுச்சொல். கடைப் பையன்கள் யார் வந்தாலும் கஷ்டப்படக் கூடாதென்று அவனே எழுதி ஒட்டியது. வாசலைப் பூட்டிச் சாவியை அதே வாசலில் மாட்டிவைத்த கதை.

நகத்தால் சுரண்டிக் கிழித்துச் சட்டைப் பையில் திணித்தான். மேஜையில் தலை இடித்தது.

"ஏதாவது கிடைச்சுதா?" என்றார் அத்தான்.

"தூசிதான்."

"நாளைக்கு வியாழக்கிழமை," என்று அத்தான் கட்டக்காரரிடம் சொன்னார். "நீங்க வழக்கம்போலப் படுங்க. மூணு மணிக்கு நாங்க இந்த எலிக்கு எதிர்ல உட்கார்ந்திருப்போம்."

படி இறங்கும்போது அத்தான் கேட்டார்: "தூரத்துல இருந்து இப்படி உள்ள வர முடியுமா?"

"முடியும். அதுக்குன்னு மென்பொருள் இருக்கு. இலவசமாவே கிடைக்குது."

"உனக்கு அதெல்லாம் பழக்கமா?"

"கேள்விப்பட்டிருக்கேன்."

மூன்றாவது மாடியில் சொன்ன பொய், தரைக்கு வந்து சேர்வதற்குள் கனத்துவிட்டது. அப்போதே திருத்தியிருக்கலாம். 'அத்தான், ஒரு விஷயம்' என்று ஆரம்பித்திருந்தால் போதும். ஆனால் கடை படுத்தபோது பலகையில் பாதி இடம் கொடுத்தவர் அவர். அவரிடம் போய், இந்த வழக்கின் முதல் தடயமே என் கைவரிசைதான் என்று எப்படிச் சொல்வது?

மதியம் அக்கா துணி உலர்த்த மாடிக்குப் போனதும், அவன் படிக்கட்டுக்கு அடியிலிருந்த பழைய பேப்பர் கட்டுகளை நகர்த்தினான். அந்தச் சர்வர் பெட்டி அங்கேதான் இருந்தது. கடையைக் காலி செய்த அன்று கொண்டுவந்து சொருகி வைத்தது. அணைக்க மறந்து, அதுபாட்டுக்கு இரண்டு வருஷமாக முனகிக்கொண்டிருந்தது. பதிவேட்டைத் திறந்தான். நாற்பத்துமூன்று பேரில் ஒருவர் கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் ஆள் வந்து போயிருந்தது. ஒவ்வொரு வியாழனும், மூன்று மணி ஐந்து நிமிஷத்திலிருந்து மூன்றே முக்கால் வரை. எப்போதும் ஒரே இடத்திலிருந்து. பதினோரு மாதமாக.

பதிவேட்டை அப்படியே கொண்டுபோய் அத்தானிடம் வைத்தால் வழக்கு பாதி முடிந்துவிடும். அவனும் முடிந்துவிடுவான்.

கதவைச் சாத்திவிட்டால் திருடன் வரமாட்டான், திறந்து வைத்தவன் யாரென்றும் தெரியாது என்று கணக்குப் போட்டான். சர்வரை நிறுத்தி, வயரைப் பிடுங்கினான். முனகல் நின்றது. வீடே சட்டென்று அமைதியானது போல இருந்தது. மேலிருந்து அக்கா, "என்னடா சத்தம்?" என்று கேட்டது, சத்தம் நின்றதைப் பற்றித்தான் என்று நினைத்து, பெட்டியைப் பேப்பர் கட்டுகளுக்குப் பின்னால் தள்ளினான்.

*

வியாழக்கிழமை மூன்று மணி. கட்டக்காரர் உள்ளறையில் படுத்திருந்தார். கூடத்தில் அத்தானும் மச்சானும் எலியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

மூன்று பத்து. மூன்று இருபது. எலி அசையவில்லை.

"பொறி வெச்சது எலிக்குத் தெரிஞ்சுபோச்சோ?" என்றார் அத்தான். வழக்கமாக அந்த இடத்தில் ஒரு பதில் வந்து விழும். மச்சான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நாலு மணிக்குக் கட்டக்காரர் எழுந்து வந்தார். திரையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "தொடலை! நான் போட்டபடியே இருக்கு! உங்களைப் பார்த்துப் பயந்துட்டான்."

"அனுப்பறதுக்கு முன்னாடி நான் ஒரு தடவை பார்க்கலாமா?" என்றார் அத்தான்.

"மன்னிக்கணும். முப்பத்தொரு வருஷத்துல அச்சாகறதுக்கு முன்னாடி யாருக்கும் காட்டினதில்லை. என் சம்சாரத்துக்குக்கூட."

அத்தான் ஒரு நிமிஷம் தயங்கினார். அந்த நிமிஷத்தில் கட்டக்காரர் பொத்தானை அழுத்திவிட்டார்.

*

சனிக்கிழமை காலை இணைப்பை முதலில் பிரித்தது அக்காதான். அவள் வாராவாரம் கட்டத்தை நிரப்புகிறவள்.

"இது என்ன கூத்து? மூணு கட்டத்துக்கு ஆறு எழுத்துல விடை வருது. ஒரே குறிப்பை ரெண்டு இடத்துல போட்டிருக்கு. மேலிருந்து கீழ் ஏழுக்குக் குறிப்பே இல்லை. இந்த மனுஷனுக்கு என்ன ஆச்சு?"

பதினோரு மணிக்குத் தொலைபேசி வந்தது. மகன். பத்திரிகை ஆபீசில் காலையிலிருந்து வாசகர்கள் கேலியும் கோபமுமாகப் பேசிக்கொண்டே இருக்கிறார்களாம். இணைப்பின் ஆசிரியை அப்பாவைக் கூப்பிட்டு, மரியாதையாகத்தான், இத்தோடு ஓய்வெடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாராம். "அப்பா காலைலேர்ந்து ஒரு வார்த்தை பேசலை சார். சாப்பிடவும் இல்லை. நான் சொன்னப்பவே கேட்டிருக்கலாம் நீங்க."

அத்தான் தொலைபேசியை வைத்தார். கட்டக்காரரின் நோட்டையும் பழைய அச்சுத் துண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் பரப்பினார்.

"மச்சான், இங்க வா. இதைப் படி. கரை உண்டு, ஆறு இல்லை. உப்பு உண்டு, கண்ணீர் இல்லை. எத்தனை கட்டம்?"

"மூணு."

"நோட்ல என்ன எழுதியிருக்கார்?"

மச்சான் பார்த்தான். பென்சிலில், அழகான கையெழுத்தில், 'சமுத்திரம்' என்று இருந்தது. எண்ணினான். ஆறு.

"அச்சுல?"

"கடல்."

"நாலு வாரத்துலயும் பார்த்துட்டேன். மாத்தினதெல்லாம் தப்பா இருந்து சரியானதுதான். ஒண்ணுகூடச் சரியா இருந்து தப்பானது இல்லை. வீடு புகுந்து பெருக்கித் துடைச்சுக் கோலம் போட்டுட்டுப் போற திருடனை எங்கேயாவது பார்த்திருக்கியா?" அத்தான் கண்ணாடியைக் கழற்றினார். "அந்த ஆள் இந்த வியாழக்கிழமை வரலை. இல்லை, வர முடியலை. ஏன் முடியலைன்னு நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

மச்சான் நோட்டை மூடி வைத்தான்.

"நான்தான் அத்தான்," என்றான் மச்சான். காகிதம், கடவுச்சொல், படிக்கட்டுக்கு அடியிலிருக்கும் பெட்டி, புதன்கிழமை மதியம் பிடுங்கிய வயர் எல்லாவற்றையும் சொன்னான். ஒரு இடத்தில் 'அந்த மென்பொருள்ல ஒரு வசதி இருக்கு, அதனாலதான்...' என்று ஆரம்பித்தான். அத்தான் கையைக் காட்டி நிறுத்தினார்.

"மென்பொருளை ஏன் இழுக்கறே? உள்ள என்ன எழுதியிருக்குன்னு ஊருக்கே திறந்து வெச்சிருக்காங்க. ஆள் வந்தா சொல்றதுக்கு ஜன்னலும் வெச்சிருக்காங்க. அதை மூடினது யாரு?"

"நான்தான்."

"வியாழக்கிழமை பார்த்தேன், அவர் கம்ப்யூட்டர் முதுகுல எதையோ சுரண்டிக் கிழிச்ச தடம் புதுசா இருந்தது. தூசி படியாத ஒரே இடம் அதுதான். அதைவிட, ஈ ஜோக்குக்கு அப்புறம் நீ ஒரு ஜோக்கும் அடிக்கலை. ஏழு வருஷமா உன்னைத் தெரியும். உனக்குக் காய்ச்சல் நூத்திமூணு இருந்தப்பகூட டாக்டரைக் கேலி பண்ணினே. நீயா வந்து சொல்லுவேன்னு காத்திருந்தேன். அது என் தப்பு. வியாழக்கிழமையே உன் சட்டையைப் பிடிச்சுக் கேட்டிருந்தா, அந்த மனுஷன் மானம் போயிருக்காது."

"அவருக்கு என்னை அடையாளம் தெரியலைன்னு சந்தோஷப்பட்டேன் அத்தான்," என்று சொல்லும்போதே அவனுக்குப் புரிந்தது. ஆறு தடவை அந்த வீட்டுக்குப் போயிருக்கிறான். இரண்டு தடவை அவர் கையாலேயே காபி கொடுத்திருக்கிறார். தாடி வளர்த்தது அவர்தான், அவன் இல்லை.

அத்தான் கட்டக்காரர் கொடுத்த பிரிண்டை எடுத்து மேஜையில் விரித்தார்.

"வந்து போறது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றான் மச்சான்.

"எஃப், எல், அரைப்புள்ளி, ஒய். உங்கக்கா கல்யாணத்துக்கு முன்னாடி டைப் அடிக்கக் கத்துக்கிட்டவ. கூப்பிடு அவளை."

அக்கா வந்தாள். அத்தான் கேட்டதும், மேஜை விளிம்பில் விரல்களை வைத்து, தூக்கத்தில் எழுப்பினாலும் மறக்காத பாட்டைப் பாடுவது போல, "யளனகபக..." என்று தட்டினாள். பழைய தமிழ்த் தட்டச்சு இயந்திரத்தின் முதல் பாடம்.

"எஃப் இருக்கற இடத்துல என்ன எழுத்து?"

"க."

"எல்?"

"ட. அரைப்புள்ளி இருக்கற இடம் மெய்யெழுத்துப் புள்ளி. ஒய், ல."

"கடல்," என்றான் மச்சான்.

"ஆனா புள்ளி ல-வுக்கு முன்னாடி வந்திருக்கே?" என்றார் அத்தான்.

"அப்படித்தான் வரும். புள்ளியைத் தட்டினா மெஷின் நகராது. முதல்ல புள்ளி, அப்புறம்தான் எழுத்து. நிஜ மெஷின்ல கத்துக்கிட்டவங்க கை தானா அப்படித்தான் போகும்."

"அவசரத்துல கம்ப்யூட்டரைத் தமிழுக்கு மாத்த மறந்துட்டாங்க. கை மட்டும் மறக்கலை," என்றார் அத்தான். "அந்த வீட்டு முக்காலியில துணிக்கு அடியில இருக்கறது தட்டச்சு மெஷின். அவருக்கு விரல் ஒத்தை விரல், அகராதி புரட்டற விரல். மெஷின் அவருது இல்லை. மச்சான், உன் பதிவேட்டுல எத்தனை மாசம்?"

"பதினோரு மாசம்." அவன் தலையில் கை வைத்தான். "அந்த அம்மாதான். அத்தான், நான்தான் அவங்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அன்னிக்குப் பக்கத்துல நின்னு, இது எந்த ஊர்லேர்ந்தும் வேலை செய்யுமா தம்பின்னு கேட்டாங்க. பெருமையா எல்லாத்தையும் காட்டினேன்."

*

அன்று மதியம் அவர்கள் மறுபடி நாலு மாடி ஏறிப் போனபோது, கட்டக்காரர் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். திரையில் அன்றைய கட்டம். பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணுகிறார், மறுபடி முதலிலிருந்து எண்ணுகிறார். மகன் சுவரோரம் நின்றான். அவன் முகத்தில், நான் சொன்னேனே என்ற ஜெயிப்பு எதுவும் இல்லை.

மச்சான் வாசலுக்கு வெளியே நின்று அக்காவைத் தொலைபேசியில் கூப்பிட்டான். "படிக்கட்டுக்கு அடியில, பேப்பர் கட்டுக்குப் பின்னாடி ஒரு பெட்டி இருக்கும். வயரைச் சொருகி, பச்சை விளக்கு வர்ற வரைக்கும் பட்டனை அழுத்து."

"இதுதான் ரெண்டு வருஷமா முனகிக்கிட்டிருந்ததா? நான் சுவத்துக்குள்ள பாம்புன்னு நினைச்சுப் பாலே வெச்சேன்டா!"

வேறு ஒரு நாளாயிருந்தால் ஒரு வாரக் கேலிக்குப் போதும் அந்த வாக்கியம். "அழுத்துக்கா," என்று மட்டும் சொன்னான்.

உள்ளே வந்து நின்றான். இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. எலி அசைந்தது.

மேஜை மேல் இருந்த எலியை யாரும் தொடவில்லை. திரையில் அம்பு மட்டும் தயங்கித் தயங்கி நகர்ந்து, ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்தது. எழுத்துகள் வந்தன.

*என்ன ஆச்சு . வியாழக்கிழமையிலிருந்து உள்ளே வர முடியவில்லை . இன்றைக்குப் பேப்பர் பார்த்தேன் . சாப்பிட்டீர்களா .*

கட்டக்காரர் திரையிடம் முகத்தைக் கொண்டுபோனார். ஒவ்வொரு முற்றுப்புள்ளிக்கு முன்னாலும் ஓர் இடைவெளி. அந்த இடைவெளிகளை விரலால் தொட்டார்.

"இது என் வீட்டுக்காரி," என்றார். "நாப்பது வருஷமா சொல்றேன், புள்ளிக்கு முன்னாடி இடம் விடாதேன்னு."

ஒற்றை விரலால், ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அவர் தட்டினார். *எவ்வளவு நாளா?*

பிறகு வந்தது.

*வந்த மூன்றாவது வாரத்திலிருந்து . கிளம்புவதற்கு முன்பே இரண்டு தப்பு பார்த்தேன் . சொன்னால் நீங்கள் எழுதுவதையே விட்டுவிடுவீர்கள் என்று பயந்தேன் . சொல்லாமல் செய்தது தப்புதான் .*

மகன் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தான். "அம்மா என்கிட்டயும் சொல்லலை," என்றான், யாரிடமென்று இல்லாமல்.

கட்டக்காரர் கைகளை மடியில் வைத்துக்கொண்டார். அவர் அழவில்லை. அழுதிருந்தால் மச்சானுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"சார்," என்று அவர் முன்னால் போய் நின்றான். "அவங்க இந்த வாரமும் வந்திருப்பாங்க. வரவிடாம பண்ணினது நான். இந்தச் சாமானை இங்க போட்டவனும் நான்தான். என் தப்பு வெளிய வந்துடும்னு பயந்து புதன்கிழமை நிறுத்திட்டேன். உங்க பேரு பேப்பர்ல கெட்டது என்னாலதான்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபம் வந்தது, கண்ணில் தெரிந்தது. வந்து, அங்கேயே நின்று, பிறகு அது வேறு எதையோ தேடிக்கொண்டு போனது.

"நீ நிறுத்தினே. எழுதினது யாரு?" என்றார். "ஆறு எழுத்தை மூணு கட்டத்துல யாரு போட்டா? நான் புத்தி பிசகினவன் இல்லைன்னு எழுதிக் கொடுக்கச் சொன்னேன். எழுதிக் கொடுக்க முடியாது, இல்லையா?"

அத்தான் பதில் சொன்னார். "முடியாதுங்க. உங்க வீட்டுக்குள்ள ஒருத்தங்க வந்து போனாங்க, நீங்க பார்த்தது நிஜம்னு எழுதிக் கொடுக்க முடியும். மத்ததை ஒரு டாக்டர்தான் பார்க்கணும். சீக்கிரம் பார்க்கணும்."

கட்டக்காரர் தலையாட்டினார். பிறகு மறுபடி திரைப் பக்கம் திரும்பி, எழுத்துகளைத் தேடித் தேடித் தட்டினார். *சாப்பிடலை. நீ வா.*

*

அந்த அம்மா ஞாயிற்றுக்கிழமை மதியமே வந்து சேர்ந்தார். மகன் போய் அழைத்து வந்தான். முதியோர் இல்லப் பேச்சு, டாக்டர் பார்க்கும்வரை தள்ளிப்போடப்பட்டது. திங்கட்கிழமை மச்சான் பத்திரிகை ஆபீசுக்குப் போய், இணைப்பின் ஆசிரியையிடம் நடந்ததைச் சொன்னான். அவர் கடைசிவரை கேட்டார். கட்டக்காரரை வாசகர்கள் சிரித்துக்கொண்டே மறக்கக் கூடாது, இன்னொரு கட்டம் வேண்டும், அவரும் மனைவியும் சேர்ந்து போட்டுத் தரட்டும், வழியனுப்பும் குறிப்போடு வெளியிடுகிறேன் என்றார். கட்டக்காரர் இரண்டு நாள் யோசித்துச் சரியென்றார். அந்தக் கட்டத்தில் ஒரு தப்பும் இல்லை. அதற்குப் பிறகு அவர் போடவில்லை.

"என்னிக்கோ ஒரு நாள் வெளிய வந்திருக்கும்டா," என்றார் அத்தான், பேப்பரை மடித்து வைத்தபடி.

"வந்திருக்கும். என்னிக்குங்கறதை நான் முடிவு பண்ணியிருக்க வேண்டாம்."

அந்த மென்பொருளை எடுத்துவிடப் போன அன்று, அந்த அம்மாதான் கதவைத் திறந்தார். அவனைப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்துகொண்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்து நின்றான். "உன்னைத் திட்டணும்னு பஸ் முழுக்க வார்த்தை சேர்த்துக்கிட்டு வந்தேன்," என்றார். "வீட்டுக்குள்ள வந்து அவர் முகத்தைப் பார்த்ததும் அத்தனையும் என் பக்கமே திரும்பிடுச்சு. போ, போய் எடு."

திரையில், நிச்சயமாக நீக்கவா என்ற கேள்வி வந்தது. கட்டக்காரர் அவன் கையை விலக்கி, தானே எலியைப் பிடித்து அழுத்தினார்.

படி இறங்கி வந்து, தண்ணீர்த் தொட்டி நிழலில் நின்று, பையிலிருந்து பட்டியலை எடுத்தான். பழைய கடையின் வாடிக்கையாளர் பெயர்கள். நாற்பத்திரண்டு வீடுகள், நாற்பத்திரண்டு பெட்டிகளின் முதுகிலும் அவன் கையெழுத்து. இங்கே வந்தது ஒரு மனைவி. மற்ற வாசல்களில் யார் வேண்டுமானாலும் வந்திருக்கலாம், வராதது அவனுடைய சாமர்த்தியம் இல்லை. தொலைபேசியில் சொல்லிவிடலாமே என்று அத்தான் முன்பே சொல்லியிருந்தார். அவன் கேட்கவில்லை.

முதல் வீடு தையற்காரரின் வீடு, இரண்டாவது மாடி. மணியை அழுத்தினான். உள்ளே தையல் இயந்திரம் நின்றது. தோளில் அளவு நாடா தொங்க, அவர் கதவைத் திறந்து, "அட, நம்ம கம்ப்யூட்டர் தம்பி! எங்கப்பா ஆளையே காணோம்? உள்ள வா, வா," என்று கையைப் பிடித்து இழுத்தார்.

"உள்ள வர்றதுக்கு முன்னாடி ஒரு விஷயம் சொல்லணும்ணே," என்றான் மச்சான். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.